பகிர் மெனுவில் பிரிண்ட்: ஐபோனில் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் எங்கே?

கம்பம் மண்டிக்கோ போடி ஏலக்காய்க் கடைக்கோ ஆப் எழுதிக் கொடுத்தவர்கள் அடிக்கடி வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. பில்லைத் திறந்து ‘பகிர்’ தட்டினால் ஐபோனில் வாட்ஸ்அப், மெயில் வரிசைக்குக் கீழே பிரிண்ட் தானாகவே நிற்கிறது. அதே ஆப், அதே பில், ஆண்ட்ராய்டில் பிரிண்ட்டைக் காணோம். கணக்குப்பிள்ளை கையில் இருப்பதோ ஆண்ட்ராய்டு. “ஒரு பட்டன்தானே, போட்டுக் குடுங்க தம்பி” என்று முதலாளி சொல்லிவிடுவார். அந்தப் பட்டனுக்குப் பின்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தவறான வழியில் இறங்கினால் மூன்று வார வேலை வீணாகும், தாளும் ஒழுங்காக வராது.

தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களின் ஆப்களை மனதில் வைத்து இந்த ஒப்பீடு எழுதப்பட்டிருக்கிறது. வாளையாறுக்கும் செங்கோட்டைக்கும் அப்படியே பொருந்தும். சித்தூர் எல்லையில் இருப்பவர்கள் மலையாளம் என்று வருகிற இடங்களில் தெலுங்கு என்று படித்துக்கொள்ளலாம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி தாள். கையில் வரப்போவது ஏ4 தாளா, 58 மி.மீ. சுருளா, 80 மி.மீ. சுருளா? ஏலக்காய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதன் வரி இன்வாய்ஸை ஏ4 தாளில் எடுப்பதே வசதி. பச்சைக் காய்கறிக்கு வரி இல்லை. மண்டிச் சிட்டைக்கு நாலு விரல் அகலச் சுருள் போதும். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி முடிவு ஆகிவிட்டது.

‘எல்லாம் மொபைலில் காட்டலாமே, தாள் எதற்கு’ என்று கேட்கிறவர்களும் உண்டு. வேறு மாநிலத்துக்குப் போகும் வரி உள்ள சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) வேண்டும். அதன் எண்ணை டிரைவர் மொபைலில் காட்டினால் போதும், விதி அதை அனுமதிக்கிறது. இன்வாய்ஸ் விஷயம் வேறு. இ-இன்வாய்ஸாக (அரசின் தளத்தில் பதிந்து க்யூஆர் குறி பெற்றதாக) இருந்தால் மட்டும் அந்தக் குறியை மொபைலில் காட்டித் தப்பிக்கலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கே 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதற்குக் கீழே இருக்கிற வியாபாரியின் லாரியில் இன்வாய்ஸ் தாளாகவே இருந்தாக வேண்டும். இந்த ஆப்களைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். எனவே பிரிண்ட்டை ஒப்புக்கு ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போக முடியாது.

இரண்டாவது, எழுத்து. ஒரே பில்லில் வியாபாரி பெயர் தமிழிலும் வாங்குகிறவர் பெயர் மலையாளத்திலும் எண்களும் பொருள் குறியீடும் ஆங்கிலத்திலும் வரும். மூன்றும் உடையாமல் வர வேண்டும்.

மூன்றாவது, சிக்னல். மலைப்பாதையிலும் எஸ்டேட் ஸ்டோரிலும் நெட் இல்லாமல் பிரிண்ட் வருமா?

நான்காவது, அழுத்துகிறவர் யார்? விடியற்காலை மண்டியில் ஒரு மணி நேரத்தில் அறுபது சிட்டை போடுகிறவருக்கு ஒரு தட்டல் கூடினாலும் பாரம். வாரத்துக்கு ஒரு பில் எடுக்கிற தோட்டக்காரருக்கு நாலு தட்டல் ஒன்றும் பெரிதல்ல.

ஐந்தாவது, நகல் யார் கையில் தங்குகிறது? பில்லில் வங்கிக் கணக்கு எண்ணும் பான் எண்ணும் இருக்கின்றன.

கடைசியாகச் செலவு. எழுதி முடிக்கிற செலவைவிட, பிறகு ஒவ்வொரு புது போனுக்கும் ஒவ்வொரு புது பிரிண்டருக்கும் பதில் சொல்கிற செலவுதான் பெரிது. விலை பேசும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

## பட்டனுக்கு முன்னால் பிடிஎஃப்

எந்த வழியில் போனாலும் அடியில் இருக்கப்போவது நீங்கள் உருவாக்கும் பில்லின் பக்கம்தான். அது கோணலாக இருந்தால் தாளும் கோணல்தான். சோதிக்க ஒரு சொல் போதும்: போடிநாயக்கனூர். இதன் முதல் எழுத்து கணினிக்குள் ‘ப’ முதலிலும் ஓகாரக் குறி அடுத்துமாகச் சேமிக்கப்படுகிறது. தாளில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ‘ப’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த இடமாற்றம் செய்யத் தெரியாத பிடிஎஃப் நூலகங்கள் ஜாவாஸ்கிரிப்டிலும் டார்ட்டிலும் இருக்கின்றன. ஆங்கில பில்லில் அவை அழகாக வேலை செய்யும். தமிழில் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வெறும் கட்டம் வரும். மலையாளத்தில் இன்னும் மோசம். வண்டன்மேடு என்ற ஊர்ப்பெயரில் ‘ண்ட’ ஒரே கூட்டெழுத்தாகச் சேர வேண்டும். சேராமல் நடுவில் சந்திரக்கலை (மெய்யைக் காட்டும் மலையாளக் குறி) நின்றால் நெடுங்கண்டத்து வியாபாரி அதைப் பிழையான பில் என்றே எடுத்துக்கொள்வார். தெலுங்கின் ஒத்து எழுத்துகளுக்கும் இதே கதிதான்.

பத்திரமான வழி, போனின் சொந்த எழுத்து எந்திரத்தையே வரையச் சொல்வது. ஆண்ட்ராய்டில் பிடிஎஃப்டாக்குமென்ட் என்ற வகுப்பின் கேன்வாஸில் எழுதினாலும், பில்லை எச்டிஎம்எல் ஆக்கி வெப்வியூவில் (ஆப்புக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதியில்) ஏற்றினாலும் எழுத்து சரியாக வரும். ஐபோனிலும் அதன் சொந்தப் பிடிஎஃப் வசதி தமிழைச் சரியாக வரைகிறது. ஃப்ளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ (இரண்டு வகைப் போனுக்கும் ஒரே கோடில் ஆப் எழுதும் கருவிகள்) எழுதுகிறவர்களுக்கு எச்டிஎம்எல் வழியே உத்தமம். எழுத்தைப் படமாக்கி பிடிஎஃப்பில் ஒட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்: கோப்பு வீங்கும், உள்ளே பில் எண்ணைத் தேடவும் முடியாது.

போனில் இருக்கிற எழுத்துருவை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். எழுத்தின் அகலம் மாறினால் பெயர் இரண்டாம் வரிக்கு மடிந்து, தொகைப் பத்தி கீழே இறங்கிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மலையாளம் இரண்டையும் ஆப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

ஏ4 பக்கம் 595 × 842 புள்ளி. ஓரத்தில் சில மில்லிமீட்டருக்குப் பெரும்பாலான பிரிண்டர்களால் மை வைக்க முடியாது. நாலு பக்கமும் 12 மி.மீ., அதாவது 34 புள்ளி விட்டால் எதுவும் வெட்டுப்படாது.

இன்னொன்று. சரக்கு இன்வாய்ஸ் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அசல், வண்டிக்காரருக்கு இரண்டாம் பிரதி, விற்கிறவருக்கு மூன்றாம் பிரதி என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. இ-இன்வாய்ஸுக்கு மட்டும் விலக்கு. பிரிண்ட் திரையில் ‘3 காப்பி’ என்று போட்டால் மூன்று தாளிலும் ‘அசல்’ என்றே வரும். பிடிஎஃப்பிலேயே மூன்று பக்கம் வைத்து, பக்கத்துக்கு ஒரு குறிப்பு அச்சிடுவதே சரி.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| | போனே பார்த்துக்கொள்ளட்டும் | சிஸ்டம் பிரிண்ட் | ப்ளூடூத் சுருள் | கடைக்கு அனுப்புவது |
|---|---|---|---|---|
| தாள் | ஏ4 | ஏ4, ஏ5 | 58, 80 மி.மீ. | ஏ4 |
| தமிழ், மலையாளம் | பிடிஎஃப்பைப் பொறுத்தது | பிடிஎஃப்பைப் பொறுத்தது | படமாக அனுப்பினால் மட்டும் | பிடிஎஃப்பைப் பொறுத்தது |
| நெட் இல்லாமல் | வரும், வைஃபை வேண்டும் | வரும், வைஃபை வேண்டும் | வரும் | வராது |
| ஆண்ட்ராய்டில் தெரியுமா | போனுக்குப் போன் மாறும் | எப்போதும் | எப்போதும் | எப்போதும் |
| எழுதும் வேலை | அரை நாள் | சோதனையோடு 4–5 நாள் | குறைந்தது 3 வாரம் | இல்லை |
| பிறகு வரும் தொல்லை | ‘எனக்கு வரலையே’ அழைப்புகள் | பிரிண்டரைக் காணோம் | புது மாடல் ஒவ்வொன்றும் | நகல் வெளியே |

வேலை நாள் கணக்கு, பிடிஎஃப் ஏற்கெனவே தயாராக இருக்கிற ஆப்புக்கு, ஒரு ஆள் செய்தால் ஆகிற அளவு.

## வழி 1: போனே பார்த்துக்கொள்ளட்டும்

தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஐபோனின் பகிர் தாள் (‘பகிர்’ தட்டியதும் எழும்பும் பட்டியல்), கொடுத்த பொருள் அச்சிடத்தக்கதா என்று தானே பார்த்து பிரிண்ட்டைச் சேர்த்துக்கொள்கிறது. பிடிஎஃப் கோப்பையோ படத்தையோ கொடுத்தால் போதும். ஆண்ட்ராய்டின் பகிர் தாள் அப்படி அல்ல. இந்த வகைக் கோப்பை வாங்கிக்கொள்ளும் ஆப்கள் எவை என்று தேடி அவற்றை மட்டும் அடுக்குகிறது. பிரிண்ட் அங்கே ஆப் கிடையாது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-உடன் வந்த தனி சிஸ்டம் சேவை அது. அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

சிலர் போனில் மட்டும் தெரிகிறதே என்றால், அதில் மாப்ரியா பிரிண்ட் சர்வீஸோ, எச்பி, எப்சன் போன்ற பிரிண்டர் கம்பெனியின் ஆப்போ ஏற்றியிருப்பார்கள். ஒரே கடையில் ஒருவருக்கு இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இருக்காது. உதவி கேட்டு வரும் அழைப்புகளில் பாதி இதற்காகவே வரும்.

இந்த வழியில் சரியாகச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஐபோனில் பில்லின் எழுத்தை வெறும் வரியாகக் கொடுக்காமல் பிடிஎஃப் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஐபேடில் பகிர் தாள் எந்த இடத்திலிருந்து விரிய வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஆப் அப்படியே மூடிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் கோப்பின் நேரடி முகவரியைக் கொடுத்தால் 7-ஆம் பதிப்பு முதல் ஆப் விழுந்துவிடும். ஃபைல்புரொவைடர் (கோப்பை மற்ற ஆப்புக்குப் பத்திரமாகத் தரும் ஆண்ட்ராய்டு வசதி) வழியாக, படிக்கும் அனுமதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு பகிர் தாளின் மேல் வரிசையில் சமீபத்தில் பேசியவர்களின் முகங்கள் வரிசையாக நிற்கும். அவசரத்தில் விரல் வழுக்கினால் ஒரு வியாபாரியின் விலை போட்டிக்காரருக்குப் போய்விடும். பிரிண்ட் எடுக்க வருகிறவரை அந்த வரிசையைக் கடக்க வைக்காமல் இருப்பதே நல்லது.

எல்லோரும் ஐபோன் வைத்திருக்கிற ஆபீஸ், அல்லது மாதத்துக்கு நாலைந்து பில் மட்டும் போடுகிற ஆப் என்றால் இதுவே போதும்.

## வழி 2: சிஸ்டம் பிரிண்ட்டை ஆப்பே அழைப்பது

பெரும்பாலான ஆப்களுக்கு இதுதான் சரியான விடை. உங்கள் பகிர் மெனுவில் ‘பிரிண்ட்’ என்று ஒரு வரி. அதைத் தட்டினால் ஆண்ட்ராய்டின் சொந்தப் பிரிண்ட் திரை விரிகிறது. பிரிண்டரைத் தேடுவது, முன்தோற்றம், தாள் அளவு, எத்தனை பிரதி எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. பிரிண்டரே இல்லாதவருக்கும் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ வருவதால் பட்டன் ஒருபோதும் செத்துப்போகாது.

செய்முறை: ஆண்ட்ராய்டின் பிரிண்ட்மேனேஜரிடம் வேலையின் பெயர், ஒரு பிரிண்ட்டாக்குமென்ட்அடாப்டர் (பக்கங்களை எடுத்துத் தரும் கோடு), தாள் அமைப்பு மூன்றையும் கொடுக்க வேண்டும். வேலையின் பெயராக பில் எண்ணையே வையுங்கள். ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ தட்டினால் கோப்புக்குப் பெயராக வருவது அடாப்டர் சொல்லும் ஆவணப் பெயர், அதிலும் பில் எண்ணையே வையுங்கள். அடாப்டரில் இரண்டு கட்டம். முதலாவது தாள் அளவைச் சொல்லி எத்தனை பக்கம் என்று கேட்கும். இரண்டாவது, கோப்பை எழுதச் சொல்லும். ஏற்கெனவே பிடிஎஃப் இருந்தால் இரண்டாவதில் செய்ய வேண்டியது அதை அப்படியே நகலெடுப்பது மட்டுமே. பில் எச்டிஎம்எல் ஆக இருந்தால் வெப்வியூவே தன் அடாப்டரைத் தந்துவிடும்.

எங்கே இடறுகிறது என்றால்:

- பிரிண்ட்டை ஆப்பின் பொதுச் சூழலிலிருந்து அழைத்தால் ஆப் விழும். திரையில் இருக்கும் ஆக்டிவிட்டியிலிருந்தே அழைக்க வேண்டும்.
- அடாப்டரின் அழைப்புகள் முதன்மை இழையில் (திரையை ஓட்டும் இழையில்) வருகின்றன. நகலெடுக்கும் வேலையை அங்கேயே செய்தால், நூறு பக்கக் கணக்குப் புத்தகம் வரும் நாளில் ஆப் உறைந்து நிற்கும். பின்னணி இழைக்கு மாற்றுங்கள்.
- வெப்வியூ பக்கத்தை முழுதாக ஏற்றி முடிக்கும் முன் அழைத்தால் வெள்ளைத் தாள் வரும். ஏற்றி முடித்த அறிவிப்புக்குப் பிறகே அழைக்க வேண்டும்.
- மொழி ‘ஆங்கிலம், அமெரிக்கா’ என்று இருக்கும் போனில் தாள் அளவு லெட்டராக (அமெரிக்கத் தாள் அளவு) தொடங்கும். லெட்டர் ஏ4-ஐவிட 18 மி.மீ. குட்டை. பில்லின் கடைசி வரி, அதாவது மொத்தத் தொகை, வெட்டுப்படும். தாள் அமைப்பில் ஏ4 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, உங்கள் கோடில் இல்லாத ஆனால் உங்களைத் தேடி வரும் சிக்கல்: “பிரிண்டரே காட்டலையே.” ஆண்ட்ராய்டு 8 முதல் பொதுவான பிரிண்ட் சேவை போனுக்குள்ளேயே வருகிறது, ஆனால் அமைப்புகளில் அது அணைந்திருக்கலாம். பிரிண்டரும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் கண்ணில் படாது. விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் படாது, ஏனென்றால் பல ரூட்டர்கள் அந்த இணைப்பில் ஒரு கருவியை இன்னொரு கருவி பார்க்கவிடாது. எல்லாவற்றுக்கும் மேல், சின்னக் கடைகளில் பல, யூஎஸ்பி வயர் மட்டும் உள்ள லேசர் பிரிண்டரை வைத்திருக்கின்றன. அப்படி நெட்வொர்க்கில் சேராத பிரிண்டர் போனின் பிரிண்ட் திரைக்குத் தானாக வராது. லினக்ஸ் ஓடுகிற சின்னக் கணினி ஒன்றில் அதை மாட்டி, கப்ஸ் மென்பொருள் வழியாகப் பகிர்ந்தால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் தெரியும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இல்லாத கடை அடுத்த பிரிண்டர் வாங்கும்போது வைஃபை உள்ளதாக வாங்குவதே லாபம்.

பிரிண்ட் வேலை முடிந்தது என்று சிஸ்டம் சொல்வதற்கு, வேலை பிரிண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். தாள் தீர்ந்தோ சிக்கியோ நின்றிருக்கலாம். அதை நம்பி கணக்கில் ‘அச்சிடப்பட்டது’ என்று பதியாதீர்கள். பதிந்தே ஆக வேண்டும் என்றால் ‘தாள் வந்ததா?’ என்று கேட்டுப் பதியுங்கள்.

## வழி 3: ப்ளூடூத் சுருள் பிரிண்டருக்கு நேரடியாக

எடை போட்ட இடத்திலேயே சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டுமா? ஸ்டோரில் பச்சை ஏலக்காய் எடுக்கிறவர், மண்டி வாசலில் மூட்டை இறக்குகிறவர், ஜீப்பில் ஏறிப் போய் வசூல் எழுதுகிறவர் ஆகியோருக்கு வேறு வழி கிடையாது. வைஃபை வேண்டாம், நெட் வேண்டாம், தட்டினால் சீட்டு.

ஆனால் வேலையின் அளவு இங்கே பல மடங்கு. இந்தப் பிரிண்டர்கள் பெரும்பாலும் எப்சன் வகுத்த கட்டளை மொழியைப் பேசுகின்றன. ஆங்கில எழுத்தை அனுப்பினால் தம் சொந்த எழுத்தில் அடித்துவிடும். தமிழும் மலையாளமும் பெரும்பாலான மாடல்களின் எழுத்துப் பட்டியலில் இல்லை, அனுப்பினால் கேள்விக்குறிகளும் குப்பைக் குறிகளும் வரும். எனவே சீட்டை ஆப்பிலேயே கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 58 மி.மீ. தாளில் அச்சுப் பரப்பு 48 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் வரிக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். 20 செ.மீ. நீளச் சீட்டுக்கு 1,600 வரி. மொத்தம் 76,800 பைட். அதே சீட்டு ஆங்கில எழுத்தாகப் போனால் ஒன்றிரண்டு ஆயிரம் பைட்தான். இதை ஒரே மூச்சில் தள்ளினால் மலிவான பிரிண்டரின் நினைவகம் நிரம்பி, பாதிச் சீட்டுக்குப் பிறகு கோடும் குறியுமாகக் கக்கும். நூறு நூறு வரியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே சற்று நிறுத்தி அனுப்ப வேண்டும். எவ்வளவு நிறுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். மூன்று வாரத்தின் பெரும்பகுதி இதில்தான் கரையும். 80 மி.மீ. தாளில் வரிக்கு 576 புள்ளி, 72 பைட்.

எழுத்தின் உயரம் 24 புள்ளிக்குக் குறைந்தால் ஐகாரச் சுழியும் ஊகாரச் சுழியும் அடைந்துபோய் ‘லை’யா ‘லெ’யா என்று தெரியாது. 28 முதல் 32 வரை வையுங்கள், தடித்த எழுத்தையே எடுங்கள். கறுப்பு வெள்ளை ஆக்கும்போது புள்ளி தூவுகிற முறை படங்களுக்கு நல்லது, எழுத்துக்கு ஆகாது. ஒரே வரம்பு வைத்து வெட்டுங்கள். அந்த வரம்பும் (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில்) நடுவில் 128 என்று இல்லாமல் 160–180 அளவில் இருந்தால், சாம்பல் ஓரங்களும் கறுப்பாகி எழுத்து திடமாக வரும்.

க்யூஆர் குறியும் இங்கே தனிச் சோதனை. கையொப்பமிட்ட இ-இன்வாய்ஸ் குறி மிக அடர்த்தியானது. 1,000 பைட் உள்ளதாக வைத்துக்கொள்வோம். நடுத்தரப் பிழைதிருத்த (குறி கொஞ்சம் கெட்டாலும் படிக்கவைக்கும் கூடுதல் தரவு) அளவில் அது 121 கட்டம் அகலம் வரும். இரு ஓரத்திலும் நான்கு நான்கு கட்டம் வெள்ளை விட்டால் 129. கட்டத்துக்கு 3 புள்ளி என்றால் 387. தாளில் இருப்பதோ 384. மூன்றே புள்ளிதானே என்று படத்தைச் சுருக்கினால் கட்டங்கள் சில 2 புள்ளியும் சில 3 புள்ளியுமாகிப் படிக்கவே படிக்காது. பிழைதிருத்தத்தை மிகக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். 105 கட்டம், ஓரத்தோடு 113, மூன்று புள்ளி வீதம் 339. தாராளமாக அடங்கும். முழு எண் மடங்கில் மட்டுமே பெரிதாக்க வேண்டும் என்பதை எழுதுகிறவர் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

அனுமதிகளும் கவனிக்க வேண்டியவை. ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத்துக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முந்தைய போன்களில் பிரிண்டரைத் தேடவே இடம் அறியும் அனுமதி வேண்டும். ‘பில்லுக்கு எதுக்கு என் இடம்?’ என்று மறுக்கிறவர்கள் இருப்பார்கள். போனின் அமைப்பில் முதலில் இணைத்துவிட்டு, ஆப்பில் இணைந்தவற்றை மட்டும் காட்டினால் அந்தக் கேள்வியே எழாது. ஐபோனில் சாதாரணச் சுருள் பிரிண்டர்களின் பழைய ப்ளூடூத் முறை, ஆப்பிளின் சான்று பெற்ற கருவிகளுக்கு மட்டுமே திறக்கும். குறைமின் ப்ளூடூத் உள்ள மாடல் வேண்டும், அதற்குக் கோடும் வேறு.

தாளையும் எண்ணிப் பாருங்கள். சூட்டில் கறுக்கிற தாள் அது. வெயிலில் நிற்கும் லாரியின் முன்கண்ணாடி ஓரம் வைத்தால் முழுதும் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் எழுத்து வெளுத்துப்போகும். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சுருள் சீட்டு அவ்வளவு நாள் தாங்காது. சீட்டு கைக்கு, பிடிஎஃப் கணக்குக்கு என்று இரண்டும் இருக்கட்டும்.

வழி 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ராபிடி (RawBT) போன்ற ஆப்கள் ஆண்ட்ராய்டில் சுருள் பிரிண்டரை ஒரு சிஸ்டம் பிரிண்டராகவே காட்டுகின்றன. சிஸ்டம் பிரிண்ட்டை மட்டும் எழுதிவிட்டு, சுருள் வேண்டியவர்கள் அதை ஏற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லலாம். தட்டல் கூடும். பத்துப் பேருக்கு மட்டும் சுருள் தேவை என்றால் இது மூன்று வாரத்தை மிச்சம் பிடிக்கும்.

## வழி 4: கடைக்கு அனுப்புவது

ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு பில்லை அனுப்பி எடுத்துக்கொள்வது பலர் இன்றும் செய்வது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், சின்ன எழுத்து மங்கும். ஆவணமாகவே போக வேண்டும். கடைக்காரர் போனிலும் கணினியிலும் பில்லின் நகல் தங்கிவிடும். வங்கி எண்ணும் பான் எண்ணும் மறைத்த ‘பொதுப் பிரதி’ ஒன்றை ஆப் தந்தால் இந்தக் கவலை பெருமளவு தீரும்.

குமுளியில் தட்டினால் போடி ஆபீசில் பிரிண்ட் வர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு சர்வரும் ஆபீஸ் கணினியில் எப்போதும் ஓடுகிற நிரலும் வேண்டும். வெளிச் சேவையை முழுதாக நம்பிக் கட்டாதீர்கள். கூகுள் கிளவுட் பிரிண்ட்டை நம்பியிருந்தவர்களுக்கு 2020 டிசம்பர் 31-ஓடு அது மூடப்பட்டது. கோப்பை ஆபீசுக்கு அனுப்பி அங்கே ஒருவர் பிரிண்ட் தட்டுவது, பல கடைகளுக்கு இதைவிட நம்பகமானது.

## பட்டனை எங்கே வைப்பது

ஆண்ட்ராய்டு 14 முதல் சிஸ்டத்தின் பகிர் தாளுக்குள்ளேயே உங்கள் சொந்த பட்டனைச் சேர்க்க வழி இருக்கிறது. அழகான வழி. ஆனால் கீழ்ப் பதிப்பு போன்களில் தெரியாது. மண்டிகளில் ஓடுகிறவை பழைய போன்கள். சிலர் தங்கள் ஆப்பையே ‘பிடிஎஃப் வாங்கிக்கொள்ளும் ஆப்’ என்று பதிவு செய்து பகிர் தாளில் பிரிண்ட் போலக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லா ஆப்களின் பகிர் தாளிலும் உங்கள் பெயர் வந்து நிற்கும், யார் யாருடைய கோப்போ உள்ளே வரும். வேண்டாம்.

‘பகிர்’ தட்டியதும் உங்கள் ஆப்பின் சொந்தச் சிறு பகிர் தாள் எழும்பட்டும்: வாட்ஸ்அப், பிரிண்ட், மற்றவை. மூன்றாவதில்தான் சிஸ்டத்தின் பகிர் தாள். ஐபோனிலும் இதே மூன்றையே காட்டுங்கள், உள்ளே அதன் சொந்தப் பிரிண்ட் திரையை அழைத்தால் போதும்.

பெயர் ‘அச்சிடு’ வேண்டாம், ‘பிரிண்ட்’ என்றே இருக்கட்டும். தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் வாயால் சொல்வது அந்தச் சொல்தான்.

## யாருக்கு எது

ஏலக்காய் வியாபாரி, விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழே, ஏ4 இன்வாய்ஸ், ஆபீசில் வைஃபை பிரிண்டர்: வழி 2, மூன்று பிரதி பிடிஎஃப்போடு. சுருள் பக்கம் போகவே வேண்டாம்.

காய்கறி மண்டி, விடியற்காலைக் கூட்டம்: வழி 3, 80 மி.மீ. தாளில். 58-இல் காய் பெயரும் எடையும் விலையும் தொகையும் ஒரே வரியில் தமிழில் அடங்காது. ஒரு மாடலைத் தேர்ந்து எல்லோரையும் அதையே வாங்கச் சொல்லுங்கள். எல்லா மாடலுக்கும் ஆதரவு தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

லாரி ஆபீஸ்: முதலில் வழி 2. வழியில் சீட்டு கொடுக்கும் டிரைவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அவர்களுக்கு மட்டும் ராபிடி போன்ற இடைச் சந்து ஆப்.

தோட்டக்காரர்கள், வாரம் ஒரு பில்: வழி 2. பிரிண்டர் இல்லாதவருக்கு ஆப்பின் பகிர் தாளில் உள்ள வாட்ஸ்அப் வரி, பொதுப் பிரதியோடு.

வெளியிடும் முன் சோதனைப் பில் ஒன்றில் போடிநாயக்கனூரையும் வண்டன்மேட்டையும் அவரவர் எழுத்தில் எழுதி, கீழே சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று வரைந்து, பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் ஒன்று என மூன்றிலும் தாள் எடுங்கள். கோட்டை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 100-க்குப் பதில் 96 அல்லது 97 வந்தால் எங்கோ ‘பக்கத்துக்குப் பொருத்து’ ஓடுகிறது. ஓர இடைவெளியைக் கூட்டினாலும் அது போகாது. பிரிண்ட் திரையின் தாள் அளவையும் பிரிண்டருக்குள் அமைத்திருக்கும் தாள் அளவையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.